மோட்டாரின் ஹெச்.பி.யைக் கூட்டுமுன் கிணற்றை அளந்து பாருங்கள்

திருப்பரங்குன்றம் வட்டாரத்தில் தோட்டக்கால் விவசாயிகளைச் சந்திக்கும்போது அடிக்கடி என் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. நிலையூர்ப் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் ஒரு பெரியவர் அதை இப்படிச் சொன்னார்: "ஐயா, பக்கத்துத் தோட்டத்துல ஏழரை இறக்கிட்டாங்க. நான் இந்த அஞ்சை வச்சுக்கிட்டு என்ன செய்ய? கடைசிப் பாத்திக்குத் தண்ணி போய்ச் சேர மாட்டேங்குது. ஏழரை போடலாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா வட்டிக்காவது வாங்கிப் போட்டுருவேன்."

"மோட்டார் இருக்கட்டும், பெரியவரே. வீட்டில் எண்ணெய் டிரம் இருக்கா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஹெச்.பி. கேட்க வந்தவரிடம் டிரம் கேட்டால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? ஆனால் அந்த டிரம்மும் ஒரு கைக்கடிகாரமும் ஒரு கயிறும் இருந்தால், எத்தனை ஹெச்.பி. வேண்டும் என்பதை விவசாயி தாமே கண்டுகொள்ளலாம். கடைக்காரரையோ, பக்கத்துத் தோட்டக்காரரையோ, என்னைப் போன்றவர்களையோ கேட்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கைச் சொல்வதற்கே இதை எழுதுகிறேன்.

கமலையும் குதிரையும்

ஹெச்.பி. என்பது குதிரைத்திறன். ஓர் எந்திரம் எவ்வளவு வேலையை எவ்வளவு நேரத்தில் செய்கிறது என்பதற்கான அளவு. நீராவி எந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட், அதை வாங்க வருகிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, ஒரு குதிரை செய்யும் வேலையோடு ஒப்பிட்டுச் சொன்னார். அடியும் பவுண்டும் வழங்கிய இங்கிலாந்தில், 550 பவுண்டு எடையை ஒரு விநாடியில் ஓர் அடி உயரம் தூக்கும் திறன் ஒரு குதிரைத்திறன் என்று ஆயிற்று. மீட்டரும் கிலோவும் வழங்கிய ஐரோப்பிய நாடுகள் இதையே தங்கள் அளவுக்கு மாற்றிக்கொண்டன. 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் திறன் அவர்களுக்கு ஒரு குதிரைத்திறன். இதுவே மெட்ரிக் குதிரைத்திறன்.

நம் ஊரில் குதிரை கட்டி யாரும் நீர் இறைத்ததில்லை. நம்முடைய கணக்கு கமலைக் கணக்கு. ஒரு சால் 120 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. ஆகவே சாலில் 120 கிலோ. அதை ஒரு ஜோடி மாடு 10 மீட்டர் ஆழத்திலிருந்து 20 விநாடியில் இழுத்து மேலே கொண்டு வருகிறது. 120-ஐ 10-ஆல் பெருக்கினால் 1,200. அதை 20-ஆல் வகுத்தால் 60. ஒரு குதிரைத்திறனுக்கு 75 வேண்டும். ஆகவே இழுக்கும் நேரத்தில் அந்த ஜோடி மாடு தந்தது 0.8 குதிரைத்திறன். மாடுகள் பின்னால் நடந்து திரும்பும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி இன்னும் குறையும்.

கமலை ஓட்டிய நம் பாட்டன்மார்கள் சால் எத்தனை, ஆழம் எத்தனை, பொழுது எத்தனை என்று மூன்றையும் பார்த்துத்தான் எவ்வளவு நிலம் பயிரிடலாம் என்று முடிவு செய்தார்கள். மோட்டார் வந்த பிறகு நாம் ஒரே ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் மறந்துவிட்டோம்.

கிணற்றடியில் போடும் கணக்கு

தண்ணீர் இறைப்பவருக்கு மெட்ரிக் குதிரைத்திறனைப் போல வசதியான அளவு வேறில்லை. லிட்டரும் கிலோவும் தண்ணீரைப் பொறுத்தவரை ஒன்றே என்பதால் கணக்கு எளிதாகிவிடுகிறது. விநாடிக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பதை எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறது என்பதால் பெருக்கி, 75-ஆல் வகுத்தால் தண்ணீருக்குத் தேவையான குதிரைத்திறன் கிடைத்துவிடும்.

பெரியவர் தோட்டத்தில் செய்ததைச் சொல்கிறேன். 200 லிட்டர் டிரம்மைப் பாத்தியின் தலைமாட்டில், குழாய் முடியும் இடத்தில் வைத்தோம். நிறைய 40 விநாடி ஆயிற்று. ஆகவே விநாடிக்கு 5 லிட்டர். கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டோம். மோட்டார் ஓடும்போது தண்ணீர் 15 மீட்டர் ஆழத்தில், அதாவது சுமார் 50 அடியில் நின்றது. 5-ஐ 15-ஆல் பெருக்கினால் 75. சரியாக ஒரு குதிரைத்திறன்.

"ஒண்ணுதானா? அப்ப மிச்சம் நாலு எங்க போச்சு?" என்று கேட்டார் பெரியவர். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

மோட்டார் தரும் திறன் முழுவதும் தண்ணீருக்குப் போய்ச் சேராது. பம்பினுள்ளே ஒரு பகுதி வீணாகும். தோட்டத்துப் பம்பில் பாதி தண்ணீருக்குச் சேர்ந்தாலே தேவலை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஒன்றுக்கு இரண்டு வேண்டும். அப்படியானாலும் 5 ஹெச்.பி. மோட்டார் மிகையே. மீதியைத் தின்றது எது?

குழாய் தின்ற குதிரைத்திறன்

கிணற்றிலிருந்து மல்லிகைப் பாத்திக்கு 100 மீட்டர் தூரம். போட்டிருந்தது 2 அங்குலக் குழாய். விநாடிக்கு 5 லிட்டர் தண்ணீர் 2 அங்குல, அதாவது 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாயில் 100 மீட்டர் போனால், உராய்வினால் மட்டும் ஏறத்தாழ 13 மீட்டர் உயரத்துக்குச் சமமான சுமை கூடுகிறது. கிணற்று ஆழம் 15 மீட்டர், குழாய் உராய்வு 13 மீட்டர், வளைவு, வால்வு எல்லாம் சேர்ந்து இன்னொரு 2 மீட்டர். ஆக மொத்தம் 30 மீட்டர். தரைக்கு மேலே படுத்துக் கிடக்கும் குழாய், இன்னொரு கிணறு வெட்டியதற்குச் சமமான வேலையை மோட்டாருக்கு வைத்துவிட்டது.

அதே தண்ணீரை 3 அங்குலக் குழாயில் அனுப்பினால் உராய்வு 2 மீட்டருக்குள் அடங்கும். மொத்த உயரம் 19 மீட்டர். 5-ஐ 19-ஆல் பெருக்கி 75-ஆல் வகுத்தால் 1.27. பம்பின் இழப்புக்காக அதை இரட்டித்தால் சுமார் இரண்டரை. அந்தத் தோட்டத்துக்கு 3 ஹெச்.பி. மோட்டாரே போதும் என்று ஆகிறது. ஏழரைக்குப் போக இருந்தவருக்குத் தேவைப்பட்டது குழாய்தான்.

சிறிய குழாயில் பெரிய மோட்டாரை மாட்டினால் தண்ணீர் ஓரளவு கூடத்தான் செய்யும். ஆனால் நீரின் வேகம் கூடக்கூட உராய்வு அதைவிட வேகமாகக் கூடும். தண்ணீர் இரட்டித்தால் உராய்வு இரட்டிப்பதோடு நிற்காது. மூன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். கூடுதலாகக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி குழாயைத் தேய்ப்பதிலேயே போகும்.

கிணற்றுக்கு ஓர் எல்லை உண்டு

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். எத்தனை ஹெச்.பி. போட்டாலும் கிணற்றில் ஊறாத தண்ணீரை இறைக்க முடியாது. நம் வட்டாரத்தில் அடியில் கிடப்பது கெட்டிப் பாறை. பாறை வெடிப்புகளின் வழியாகத்தான் ஊற்று வருகிறது. கண்மாய் நிறைந்தால் கிணறு ஊறும். கண்மாய் வற்றினால் ஊற்றும் இளைக்கும்.

உங்கள் கிணறு 6 மீட்டருக்கு 6 மீட்டர் சதுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் 36,000 லிட்டர். மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். 10 சென்டிமீட்டர் ஏறியிருந்தால் ஊற்று மணிக்கு 3,600 லிட்டர். ஒரு நாள் முழுவதற்கும் 86,400 லிட்டர். இதுதான் அந்தக் கிணற்றின் தினக்கூலி. ஓர் ஏக்கரில் பரப்பினால் சுமார் 2 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். தண்ணீர் மட்டம் இறங்கும்போது ஊற்று சற்றுக் கூடலாம். ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

விநாடிக்கு 5 லிட்டர் இறைக்கும் பம்பு மணிக்கு 18,000 லிட்டர் எடுக்கும். ஒரு நாள் ஊற்று முழுவதையும் அது ஐந்து மணி நேரத்துக்குள் இறைத்துவிடும். ஏழரை ஹெச்.பி. அதையே மூன்று, மூன்றரை மணி நேரத்தில் இறைக்கலாம். மும்முனை மின்சாரம் சில மணி நேரமே வருகிறது என்றால், வேகமாக இறைப்பதில் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு மோட்டாரைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் மோட்டார் பெரிதானால் தண்ணீர் பெருகும் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நாள் முழுவதும் ஊறும் 86,400 லிட்டரில் ஒரு லிட்டரைக்கூட அது கூட்டித் தராது.

இலவசம் என்பதற்கும் விலை உண்டு

1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயத்துக்குக் கட்டணமில்லா மின்சாரம் கிடைக்கிறது. அது பெரிய உதவி. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மின்சாரத்துக்குப் பணம் இல்லை என்பதால் ஹெச்.பி.க்கும் பணம் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். பெரிய மோட்டாருக்குப் பெரிய ஸ்டார்ட்டர், தடித்த கேபிள், எரிந்தால் காயில் கட்டும் கூலி எல்லாமே கூடுதல். இவை எல்லாம் விவசாயியின் மடியிலிருந்துதான் போகின்றன.

அடுத்தவருக்கு நேரும் கெடுதியும் உண்டு. முழுச் சுமையில் ஓடும் மோட்டார் ஒவ்வொரு ஹெச்.பி.க்கும் ஏறத்தாழ 1.1 கே.வி.ஏ. சுமையை மின்மாற்றியின்மேல் ஏற்றுகிறது. 100 கே.வி.ஏ. மின்மாற்றி ஒன்றில் 16 கிணறுகள், தலைக்கு 5 ஹெச்.பி. என்றால் 88 கே.வி.ஏ. தாங்கும். பதினாறு பேரும் யாரையும் கேட்காமல் ஏழரைக்கு மாறினால் 132. தாங்காது. மின் அழுத்தம் விழும், எல்லார் மோட்டாரும் சூடேறும், காயில் எரியும். அப்போது ஒவ்வொருவரும் "அஞ்சு இழுக்கலை, பத்து போட வேண்டியதுதான்" என்று சொல்லத் தொடங்குவார்கள். நோய்க்கு நோயையே மருந்தாகக் கொடுத்த கதை. மின் வாரியம் அனுமதித்த ஹெச்.பி.க்கு மேல் போடக்கூடாது என்ற விதி தண்டம் வசூலிப்பதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. உங்கள் மோட்டாரையும் பக்கத்துக்காரர் மோட்டாரையும் காப்பதற்காகவும்தான்.

எந்த ஹெச்.பி.? எங்கே அளந்தது?

முன்பெல்லாம் ஊருக்கு ஊர் படி மாறியது, குழிக்கணக்கும் மாறியது. "எந்தப் படி?" என்று கேட்காமல் யாரும் நெல் அளக்கவில்லை. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மெட்ரிக் அளவுகள் வந்து அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் ஹெச்.பி.யில் இன்னும் இரண்டு படிகள் உலவுகின்றன. இங்கிலீஷ் ஹெச்.பி. 746 வாட். மெட்ரிக் ஹெச்.பி. 735.5 வாட்.

இந்த வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. 5 ஹெச்.பி. மோட்டாரின் தகட்டில் 3.7 கிலோவாட் என்று இருக்கும். இங்கிலீஷ் கணக்கில் 5 ஹெச்.பி. என்பது 3.73 கிலோவாட்; மெட்ரிக் கணக்கில் 3.68. தகட்டில் உள்ள எண் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. இதில் ஏமாறுவதற்கு ஒன்றும் இல்லை. ஐரோப்பிய நாடுகளில் கிலோவாட்தான் சட்டப்படியான அலகு. ஜெர்மனி 1978-இலேயே குதிரைத்திறனைச் சட்டப்படியான அலகுகளிலிருந்து நீக்கிவிட்டது. ஆனாலும் அங்கே கார், டிராக்டர் வாங்குகிறவர்கள் பேச்சில் குதிரை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

விவசாயி ஏமாறும் இடம் வேறு. டிராக்டர் வாங்கும்போது "50 ஹெச்.பி." என்பார்கள். அது எஞ்சினில் அளந்த திறன். ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேரும்போது அது 42, 43 ஆகிவிடும். கலப்பையை இழுக்கும் கொக்கியில் இன்னும் குறையும்; சேற்று வயலில் சக்கரம் வழுக்கினால் மேலும் குறையும். இங்கிலீஷா, மெட்ரிக்கா என்ற வித்தியாசத்தில் போவது முக்கால் ஹெச்.பி.கூட இல்லை. எஞ்சினா, பி.டி.ஓ.வா என்று கேட்காமல் விட்டால் கணக்குப் பிசகுவது ஏழெட்டு ஹெச்.பி. அரசின் மானியத் திட்டத்தில் டிராக்டர்களைப் பி.டி.ஓ. ஹெச்.பி.யைக் கொண்டு பிரித்திருப்பதும் இதனால்தான்.

மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னும் ஊரில் மத்திய அரசின் பண்ணை எந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. அங்கே சோதித்த டிராக்டர்களின் அறிக்கையில் எஞ்சின் திறன், பி.டி.ஓ. திறன், இழுக்கும் திறன், டீசல் செலவு எல்லாம் தனித்தனியே கிலோவாட்டிலும் மெட்ரிக் குதிரைத்திறனிலும் இருக்கும். பி.எஸ். என்று அதில் போட்டிருப்பது மெட்ரிக் குதிரைத்திறனே. டிராக்டருக்கு முன்பணம் கட்டுமுன் அந்த அறிக்கையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பம்புக்கும் இதே யோசனைதான். தரமுத்திரை பெற்ற பம்பின் தகட்டில் எத்தனை மீட்டர் உயரத்துக்கு விநாடிக்கு எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும். ஹெச்.பி.யை மட்டும் படித்துவிட்டு அதைப் படிக்காமல் வருகிறோம். ஒரே 5 ஹெச்.பி.யில், குறைந்த ஆழத்திலிருந்து நிறையத் தண்ணீர் தரும் பம்பும் உண்டு; அதிக ஆழத்திலிருந்து கொஞ்சம் தரும் பம்பும் உண்டு. ஆழம் தெரியாமல் வாங்கினால் இரண்டுமே பயன்படாது.

என்னுடைய கருத்து

ஹெச்.பி. பழைய அளவு, அதைத் தூக்கி எறிந்துவிட்டுக் கிலோவாட் மட்டும் பேசுவோம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அலுவலகத்துக்கு அது சரி. சோலார் பம்புக்கும் அது வசதி. பலகையின் திறன் வாட்டில் இருப்பதால் கணக்கு எளிது. ஆனால் தோட்டத்தில் நிற்கும் விவசாயிக்கு 75 கிலோ, ஒரு மீட்டர், ஒரு விநாடி என்ற கணக்கு கையில் பிடித்துப் பார்க்கக்கூடியது. அளவின் பெயர் எதுவாக இருந்தாலும், அதன் பொருள் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் எங்கள் மீதும் குறை உண்டு. விரிவாக்கப் பணியில் இருப்பவர்கள், "திறந்த கிணறா, அஞ்சு போடுங்க" என்று வாய்ப்பாடாகச் சொல்லியே பல ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். நானும் அப்படிச் சொன்னதுண்டு. டிரம்மை நிரப்பிப் பார்க்க அரைமணி நேரம்கூட ஆகாது. அந்த அரைமணியை நாங்கள் செலவிடவில்லை. இனியாவது, மோட்டாருக்கு மானியமோ கடனோ சிபாரிசு செய்யும் எவரும், கிணற்றின் ஆழம், ஊற்று, குழாயின் விட்டம் மூன்றையும் எழுதிய பிறகே ஹெச்.பி.யை எழுத வேண்டும் என்பது என் கருத்து. விற்கிறவரும் பில்லில் ஹெச்.பி.யோடு லிட்டரையும் மீட்டரையும் எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தால்தான் குறைந்தபோது கேட்க முடியும்.

நிலையூர்ப் பெரியவர் ஏழரை வாங்கவில்லை. பழைய 5 ஹெச்.பி. மோட்டாரை அப்படியே வைத்துக்கொண்டு குழாயை மட்டும் மாற்றினார். பிறகு பார்த்தபோது, "கடைசிப் பாத்திக்கும் தண்ணி ஏறுது ஐயா. ஆனா முன்னைக்கு இப்ப கிணறுதான் சீக்கிரம் வத்துது" என்றார். அதுவும் உண்மைதான். குழாய் தடுத்து வைத்திருந்ததை இப்போது பம்பு இறைத்துவிடுகிறது. "அப்ப இனிமே பாக்க வேண்டியது கிணத்தோட தினக்கூலியை" என்று அவரே சொன்னார். அதற்குத் தக்கபடி மல்லிகையில் ஒரு பகுதிக்குச் சொட்டுநீர் போடலாமா என்று இப்போது யோசிக்கிறார்.

இந்த வாரமே நீங்களும் ஒரு டிரம்மை எடுங்கள். நிறைய எத்தனை விநாடி என்று பாருங்கள். கயிற்றில் கல் கட்டி ஆழத்தை அளங்கள். பெருக்கி, 75-ஆல் வகுத்து, இரட்டித்துப் பாருங்கள். குழாய் நீளமானால் அதன் உராய்வையும் சேர்க்க மறவாதீர்கள். வரும் எண்ணை மோட்டார் தகட்டோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் முதலில் குழாயையும் பம்பையும் சோதியுங்கள். கடைக்குப் போவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.